ஏட்டில் இருப்பதும் நெஞ்சில் இருப்பதும்

 

இம்மாதப் பாடம் ஒரு துண்டுத் தாளிலிருந்து தொடங்குகிறது. நம் படிப்பகத்திலிருந்து பிளஸ் டூ மாணவர் ஒருவர் எடுத்துச் சென்ற புத்தகம், நான்கு மாதங்கள் கழித்து அவருடைய தங்கையின் கையில் திரும்பி வந்தது. உள்ளே நான்காக மடித்த ஒரு தாள் இருந்தது. எடுக்க மறந்துவிட்டார் போலும். பிறர் எழுதியதைப் படிப்பது முறையல்ல என்றாலும், விரித்தபோது கண்ணில் பட்டுவிட்டது. இப்போது அவர் சம்மதத்துடன், பெயர் சொல்லாமல், அதன் சாரத்தைத் தருகிறோம்.

மூன்று விஷயங்கள் எழுதியிருந்தார். படித்ததெல்லாம் பரீட்சை முடிந்த மறுநாளே மறந்துபோகிறதே, பிறகு எதற்குப் படிக்கிறோம்? செல்போனில் முந்நூறு பேரின் நம்பர் இருக்கிறது. வாப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த இரவில் யாரைக் கூப்பிடுவதென்று தெரியவில்லையே, அப்படியென்றால் நண்பன் யார்? வாப்பாவின் மவுத்து முன்பே எழுதப்பட்டது என்றால், நாங்கள் அழுது கேட்ட துஆ எதற்கு?

மூன்றாவது கேள்வியை நாம் ஏற்கெனவே கேட்டிருக்கிறோம். நான்கு மாதங்களுக்கு முன், ஞாயிறு வகுப்பில் ஈமானின் ஆறு அம்சங்களைப் பாடமாக நடத்திக்கொண்டிருந்தோம். விதியைப் பற்றிச் சொன்னபோது இதே தம்பி எழுந்து கேட்டார். “இதையெல்லாம் தோண்டக் கூடாது, உட்காருங்க தம்பி” என்று சொல்லிவிட்டு அடுத்த அம்சத்துக்குப் போய்விட்டோம். மறு வாரம் அவர் வரவில்லை. பரீட்சை நேரம் என்று எண்ணிக்கொண்டோம். வாப்பாவை இழந்து இரண்டு மாதம்கூட ஆகாத பிள்ளை அது. ஜனாஸாவில் நாமும்தான் நின்றோம். அப்படியிருந்தும் கேள்விக்குப் பின்னால் இருந்தது நமக்குத் தெரியவில்லை. அல்லாஹ் நம்மை மன்னிப்பானாக.

இந்த மூன்று கேள்விகளையும் தம் வாழ்க்கையாகவே சுமந்த ஒருவரை நம் வரலாறு தந்திருக்கிறது. அவர் இமாம் கஸ்ஸாலி (ரஹ்).

ஹிஜ்ரி 450-இல், அதாவது கி.பி. 1058-இல், குராசான் பகுதியின் தூஸ் நகரில் பிறந்தார்கள். தந்தை கம்பளி நூற்று விற்கும் ஏழை. தமக்கு எழுதப் படிக்கத் தெரியாமல் போனதே என்ற ஏக்கம் உள்ளவர். மரண நேரத்தில், கையிலிருந்த சிறு தொகையையும் இரு பிள்ளைகளையும் ஒரு சூஃபி நண்பரிடம் ஒப்படைத்து, இவர்களைப் படிக்க வையுங்கள் என்று வஸிய்யத் செய்தார். நண்பர் வாக்கைக் காப்பாற்றினார். பணம் தீர்ந்ததும் மறைக்காமல் சொல்லி, உணவும் இடமும் தரும் மதரஸாவில் சேரச் சொன்னார். இஹ்யா உலூமித்தீன் என்ற மாபெரும் நூல் உலகுக்குக் கிடைத்ததற்குப் பின்னால், இறந்துபோன நண்பனின் பிள்ளைகளைக் கைவிடாத ஓர் ஏழை மனிதர் இருக்கிறார். நண்பன் யார் என்ற கேள்விக்கு இதுவே பாதி விடை.

மீதிப் பாதியை இமாம் அவர்களே எழுதினார்கள். இஹ்யாவின் நாற்பது பகுதிகளில் ஒன்று தோழமையின் ஒழுக்கங்களைப் பற்றியது. அதில் நண்பனுக்குச் செய்ய வேண்டிய கடமைகளை எட்டாகப் பிரிக்கிறார்கள். பொருளால் உதவுவது, உடலால் உதவுவது, குறையைப் பேசாமல் நாவைக் காப்பது, நல்லதை வாய்விட்டுச் சொல்வது, தவறை மன்னிப்பது, வாழும்போதும் மறைந்த பின்னும் துஆ செய்வது, கடைசிவரை விசுவாசமாக இருப்பது, சுமையாக இல்லாதிருப்பது. செல்போனில் இருக்கும் முந்நூறு பேரை இந்த எட்டில் வைத்துப் பார்த்தால் எத்தனை பேர் மிஞ்சுவார்கள்? நாம் எத்தனை பேருடைய கணக்கில் மிஞ்சுவோம்?

அடுத்து, படிப்பு. இளம் வயதில் இமாம் ஜுர்ஜானுக்குச் சென்று கற்று, பாடக் குறிப்புகளை மூட்டையாகக் கட்டிக்கொண்டு ஊர் திரும்பினார்கள். வழியில் கொள்ளையர் எல்லாவற்றையும் பறித்துக்கொண்டனர். அந்தக் காகிதங்களை மட்டும் கொடுத்துவிடுங்கள், அவற்றில்தான் என் கல்வி இருக்கிறது என்று பின்னாலேயே சென்று கெஞ்சினார்கள். கொள்ளையர் தலைவன் சிரித்தான். நாங்கள் பறித்தவுடன் இல்லாமல் போவதை எப்படிக் கல்வி என்கிறாய் என்று கேட்டுவிட்டு மூட்டையைத் திருப்பிக் கொடுத்தான். அல்லாஹ்வே அவனைப் பேச வைத்தான் என்று இமாம் எடுத்துக்கொண்டார்கள். தூஸுக்குத் திரும்பி மூன்று ஆண்டுகள் உழைத்து, அத்தனையையும் நெஞ்சில் ஏற்றிக்கொண்டார்கள் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. பரீட்சை முடிந்ததும் மறந்துபோவது நம் பிள்ளையின் குறை மட்டுமல்ல. மார்க்குக்காக மட்டும் படித்தது மார்க் வந்ததும் போய்விடுகிறது. வாழ்வதற்காகப் படித்ததே தங்கும்.

கடைசியாக, பெரிய கேள்விகள். பிறகு நீஷாப்பூரில் இமாமுல் ஹரமைன் ஜுவைனி (ரஹ்) அவர்களிடம் பயின்று, 1091-இல் பாக்தாத் நிஜாமிய்யாவின் தலைமை ஆசிரியரானார்கள். அவ்வளவு பெரிய ஆலிமுக்குச் சந்தேகமே வரவில்லையா? வந்தது. இருபது வயதுக்கு முன்பிருந்தே எதையும் கேட்டுப் பார்க்காமல் ஏற்றதில்லை என்று அல்முன்கித் என்னும் நூலில் தாமே எழுதியிருக்கிறார்கள். நிழல் நிற்பதுபோல் தெரிகிறது, ஆனால் நகர்கிறது. நட்சத்திரம் ஒரு காசு அளவில் தெரிகிறது, ஆனால் பூமியைவிடப் பெரியது. கண்ணையே நம்ப முடியவில்லை என்றால் எதை நம்புவது? ஏறத்தாழ இரண்டு மாதங்கள் இந்தத் தவிப்பில் இருந்தார்கள். வெளியே வாய் திறந்து சொல்லவில்லை. பிறகு அல்லாஹ் உள்ளத்தில் இட்ட ஒளியால் மீண்டதாக எழுதுகிறார்கள்.

பெற்றோர்களே, இமாம் கஸ்ஸாலியே வெளியில் சொல்லாமல் தவித்திருக்கிறார்கள் என்றால், நம் வீட்டுப் பிள்ளை தவிப்பது நமக்கு எப்படித் தெரியும்? அவர்கள் கேட்கும்போது காது கொடுத்தால்தான் தெரியும். இறந்தோரை எப்படி உயிர்ப்பிப்பாய் என்று காட்டும்படி இப்ராஹீம் (அலை) இறைவனிடமே கேட்டார்கள். நம்பிக்கை இல்லாமல் அல்ல, உள்ளம் அமைதி பெறவே கேட்டார்கள் என்று குர்ஆன் சொல்கிறது. வாயால் சொல்லவே அஞ்சும் எண்ணங்கள் வருகின்றன என்று தோழர்கள் முறையிட்டபோது, நபி (ஸல்) அவர்கள் அதட்டவில்லை. அந்த அச்சமே தெளிவான ஈமான் என்று ஆறுதல் கூறினார்கள்.

தாளைப் படித்த அன்றே, மக்ரிபுக்குப் பின் அந்த வீட்டுக்குப் போனோம். “காக்கா, இவன் யார்கிட்டயும் பேசறதே இல்லை” என்றார் உம்மா. தம்பியிடம் மன்னிப்புக் கேட்டோம். அவர் தலை குனிந்தபடி, “பரவாயில்ல மாமா” என்றார். வேறெதுவும் பேசவில்லை. மறுநாள் இருவருமாக ஹஜ்ரத்திடம் போனோம்.

ஹஜ்ரத் அவசரப்படாமல் கேட்டார்கள். பிறகு, இந்தக் கேள்வியை இஹ்யாவே எடுத்துப் பேசுகிறது என்றார்கள். விதியை மாற்ற முடியாதென்றால் துஆ எதற்கு? துஆவும் அந்த விதியில் உள்ளதுதான். அம்பைத் தடுக்கக் கேடயம் காரணமாகிறது, பயிர் முளைக்கத் தண்ணீர் காரணமாகிறது, அதுபோல் துஆவும் ஒரு காரணம். “அப்ப எங்க துஆ ஏன் தடுக்கலை?” என்று தம்பி கேட்டார். கேட்ட துஆ உடனே நிறைவேறலாம், மறுமைக்குச் சேமிக்கப்படலாம், வேறொரு தீங்கு விலக்கப்படலாம் என்ற நபிமொழியை எடுத்துச் சொன்னார்கள். “உங்க துஆ இதில் எதுவாச்சுன்னு எனக்குத் தெரியாது தம்பி. வீணாகலைன்னு மட்டும் தெரியும்” என்றார்கள். தம்பி வெகுநேரம் அழுதார். வாப்பாவின் மவுத்துக்குப் பிறகு அவர் அழுததே இல்லை என்று பின்னர் உம்மா சொன்னார்.

அவருடைய கேள்விகள் தீர்ந்துவிட்டன என்று சொல்ல மாட்டோம். ஞாயிறு வகுப்புக்கு வருகிறார், இன்னும் கேட்கிறார். சென்ற வாரம் கூடவே ஒரு நண்பரையும் அழைத்து வந்தார்.

இனி ஒவ்வொரு ஞாயிறும் வகுப்பின் கடைசி அரைமணி நேரம் கேள்விகளுக்கு மட்டுமே. பேர் போடாமல் எழுதிப் போட ஒரு பெட்டியும் படிப்பகத்தில் வைத்திருக்கிறோம். நமக்குத் தெரியாததை ஹஜ்ரத்திடம் கேட்டுச் சொல்வோம்.

வீட்டில் கூடி அமர்ந்து பேச:

1. இவ்வருடம் படித்ததில், யாரும் நம்மிடமிருந்து பறிக்க முடியாதது எது?

2. நள்ளிரவில் ஒரு கஷ்டம் வந்தால் யாரைக் கூப்பிடுவோம்? நம்மை யார் கூப்பிடுவார்கள்?

3. நம் பிள்ளை கடைசியாகக் கேட்ட பெரிய கேள்வி என்ன? நாம் என்ன பதில் சொன்னோம்?

மூன்றாவது கேள்விக்குப் பெற்றோர் முதலில் பதில் சொல்லட்டும். பயனுள்ள கல்வியையும் நல்ல தோழமையையும் நம் பிள்ளைகளுக்கு அல்லாஹ் தந்தருள்வானாக, ஆமீன்.