நோயின் தொடக்கமும் முடிவும்

உடலில் வலியோ காய்ச்சலோ தோன்றும் நாளையே நோய் தொடங்கிய நாளாகப் பெரும்பாலோர் கருதுகின்றனர். அவை நீங்கிய நாளையே நோய் நீங்கிய நாளாகவும் கொள்கின்றனர். இவ்விரு எண்ணங்களும் பல நோய்களில் பிழையாகின்றன. நோய் உணரப்படுவதற்கு வெகு முன்பே அதன் தொடக்கம் நிகழ்ந்துவிடுகிறது. உணர்விலிருந்து அது மறைந்த பின்னரும் அதன் வேர் உடலில் எஞ்சியிருக்கிறது. இதனை அறியாமையால் காலம் தாழ்த்தி மருத்துவரிடம் செல்வோரும், பாதியில் மருந்தை நிறுத்துவோரும் பலர்.

நம் நாட்டின் பழைய மருத்துவ நூலான சுசுருத சம்ஹிதை, நோயின் வளர்ச்சியை ஆறு நிலைகளாக வகுக்கிறது. தோஷங்கள் தம் இடத்தில் சேர்தல், சீற்றமடைதல், பரவுதல், ஓரிடத்தில் தங்குதல், நோய்க்குறி வெளிப்படுதல், நாட்பட்டு மேலும் சிக்கலாதல் என்பன அவை. நோய் தெளிவாக வெளிப்படுவது ஐந்தாம் நிலையில்தான் என்பது இங்கே கவனிக்கத்தக்கது. தொடக்க நிலைகளிலேயே நோயை அறிந்து தடுப்பவனே சிறந்த மருத்துவன் என்பது அந்நூலின் கருத்து.

நவீன மருத்துவம் நோயை விளக்கும் முறை வேறு. ஆயினும், வெளிப்பாட்டுக்கு முன் மறைவான காலம் ஒன்று உண்டு என்பதை அதுவும் காட்டுகிறது. இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு காசநோய்.

வித்தும் நிலமும்

க்ஷயம் என்றும் என்புருக்கி என்றும் அழைக்கப்பட்ட இந்நோய் ஒரு கிருமியால் உண்டாகிறது என்பதை ராபர்ட் கோக் 1882-ஆம் ஆண்டு மார்ச் 24 அன்று பெர்லின் நகரில் அறிவித்தார். நுரையீரலில் நோயுள்ளவர் இருமும்போதும் தும்மும்போதும் கிருமிகள் காற்றில் கலக்கின்றன. அக்காற்றைச் சுவாசிப்பவரின் நுரையீரலை அடைகின்றன. ஒரே தட்டில் உண்பதாலோ, கையைத் தொடுவதாலோ இந்நோய் பரவுவதில்லை.

கிருமி உட்புகுந்த அனைவரும் நோயாளிகள் ஆவதில்லை. உடலின் காவல் அணுக்கள் கிருமிகளை விழுங்குகின்றன. சுற்றிலும் அரண்போல் திரண்டு அவற்றைச் சிறைப்படுத்துகின்றன. கிருமி சாவதில்லை, பெருகுவதும் இல்லை; உறங்குகிறது. இந்நிலையில் உள்ளவருக்கு எந்தத் துன்பமும் இராது. அவரால் பிறருக்குத் தொற்றும் இராது. கிருமி புகுந்தவர்களுள் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்கே வாழ்நாளில் என்றேனும் நோய் வெளிப்படுகிறது.

அந்தச் சிலர் யாவர்? போதிய உணவின்றி மெலிந்தோர், நீரிழிவு உள்ளோர், எச்.ஐ.வி. தொற்று உடையோர், புகையும் மதுவும் பழகியோர் ஆகியோருக்கு ஆபத்து அதிகம். வித்து விழுந்தால் மட்டும் பயிர் எழுவதில்லை; நிலமும் அதற்கு இடம் தர வேண்டும். நோய்க்கு வித்து கிருமி. நிலம் தளர்ந்த உடல்.

அரண் தளரும்போது கிருமிகள் விழித்துப் பெருகுகின்றன. இரண்டு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் இருமல், மாலைநேரக் காய்ச்சல், இரவில் வியர்த்தல், பசியின்மை, எடை குறைதல், சளியில் இரத்தம் ஆகியன அதன் அறிகுறிகள். இவற்றுள் ஒன்று தோன்றினாலும் சளியைப் பரிசோதிப்பது கடமை. காலம் தாழ்த்துபவர் தமக்கு மட்டுமன்றி, ஒரே கூரையின்கீழ் உறங்கும் குழந்தைகளுக்கும் தீங்கு செய்தவர் ஆகிறார்.

ஒரு மருந்து ஏன் போதாது?

1943-ல் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டபோது காசநோய் ஒழிந்தது என்றே பலர் மகிழ்ந்தனர். பிரிட்டனில் நடந்து 1948-ல் முடிவு வெளியான ஆய்வில் நோயாளிகள் முதலில் வியக்கத்தக்க நலம் பெற்றனர். ஆனால் சில மாதங்களில் அவர்களுள் பலருக்கு நோய் திரும்பவும் தலைதூக்கியது. அவர்களிடம் இருந்த கிருமிகளுக்கு அம்மருந்து இப்போது பலிக்கவில்லை.

காரணம் எளியது. நோயுற்ற நுரையீரலில் கோடிக்கணக்கான கிருமிகள் உள்ளன. அவற்றுள் மிகச் சில, குறிப்பிட்ட ஒரு மருந்தைத் தாங்கும் இயல்பைத் தற்செயலாகவே பெற்றிருக்கும. மருந்து மற்றவற்றைக் கொல்ல, இச்சில தழைத்துப் பெருகும். ஆனால் பல மருந்துகளையும் ஒருங்கே தாங்கும் கிருமி இருப்பது மிக அரிது. ஆகவேதான் மருந்துகள் கூட்டாகத் தரப்படுகின்றன. இன்று இந்தியாவில் வழக்கமான சிகிச்சையில், முதல் இரண்டு மாதங்களுக்கு ஐசோனியசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு, எத்தாம்பியூட்டால் ஆகிய நான்கும், அடுத்த நான்கு மாதங்களுக்குப் பைரசினமைடு நீங்கலாக மற்ற மூன்றும் கொடுக்கப்படுகின்றன.

ஆறு மாதங்கள் எதற்கு? சாதாரணக் குடல் கிருமி இருபது நிமிடத்தில் இரண்டாகப் பெருகும். காசநோய்க் கிருமிக்கு ஒரு நாளின் பெரும்பகுதி தேவை. சில கிருமிகள் பெருகாமல் உறங்கியே கிடக்கும். பெருகும் கிருமிகளை மருந்து விரைவில் அழிக்கிறது. உறங்குவனவற்றை அழிக்க மாதங்கள் ஆகின்றன.

ஆபத்தான நலம்

இங்கேதான் நோயாளியின் சோதனை தொடங்குகிறது. சில வாரங்களில் காய்ச்சல் விடுகிறது, இருமல் தணிகிறது, பசி எடுக்கிறது. ‘குணமாகிவிட்டது, இனி மருந்து எதற்கு?’ என்று மனம் கேட்கிறது. அந்த மனத்துக்குச் செவிசாய்த்து மருந்தை நிறுத்தினால், எஞ்சிய கிருமிகள் மீண்டும் எழுகின்றன. மருந்தை ஒழுங்கின்றி உண்டாலோ, அவை மருந்துக்கு அடங்காதனவாக மாறவும் கூடும். ஐசோனியசிட், ரிஃபாம்பிசின் இரண்டுக்கும் அடங்காத காசநோய்க்கு வேறு மருந்துகள் தேவை. அவற்றின் பக்க விளைவுகளும் கடுமையானவை. அவ்வாறு மாறிய கிருமி வீட்டில் உள்ளவர்களைத் தொற்றினால், அவர்களுக்கும் அந்தக் கடினமான நோயே வருகிறது.

மருந்தால் சிறுநீர் செம்மஞ்சள் நிறமாவது இயல்பு, அஞ்ச வேண்டியதில்லை. கண் மஞ்சளாதல், ஓயாத வாந்தி, பார்வை மங்குதல் ஆகியவை தோன்றினால் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மருந்தை மாற்றுவதும் நிறுத்துவதும் அவர் முடிவாக இருக்கட்டும்.

சென்னை தந்த பாடம்

நல்ல காற்றும், ஓய்வும், ஊட்டமான உணவும் உள்ள சானடோரியத்தில்தான் இந்நோய் தீரும் என்று ஒரு காலத்தில் உலகம் நம்பியது. 1956-ல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் மருந்துச் சிகிச்சை ஆய்வு மையம் இந்நம்பிக்கையைச் சோதித்தது. நகரின் ஏழை நோயாளிகள் இரு பிரிவினராக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் சானடோரியத்திலும் மற்றவர் தம் நெருக்கமான வீடுகளிலும் இருந்து, ஒரே மருந்துகளை ஓராண்டு உண்டனர். வீட்டிலிருந்தோரின் உணவு குறைவு, ஓய்வும் குறைவு. ஆயினும் 1959-ல் வெளியான முடிவின்படி, இரு பிரிவினரும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமடைந்தனர். வீட்டில் வைத்து மருந்து கொடுத்ததால் குடும்பத்தாருக்கு ஆபத்து கூடவும் இல்லை. தகுந்த மருந்தை ஒழுங்காக உண்பதே இந்நோயைத் தீர்க்கிறது என்பது உறுதியாயிற்று. உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்பட இவ்வாய்வு பெரிதும் துணைசெய்தது.

அப்படியாயின் உணவு வேண்டாமா? வேண்டும். ஜார்க்கண்டில் நோயாளிகளின் குடும்பத்தாருக்குக் கூடுதல் சத்துணவு வழங்கி நடத்திய ஆய்வின் முடிவு 2023-ல் வெளியானது. அவ்வில்லங்களில் புதிதாக நோய் தோன்றுவது ஏறத்தாழ நாற்பது விழுக்காடு குறைந்தது. முளைத்த களையைக் களைவது மருந்து. அது முளைக்காதவாறு நிலத்தைக் காப்பது உணவு. ஒன்று மற்றொன்றுக்கு மாற்றாகாது. அரசு இந்நோய்க்கு மருந்தை இலவசமாக வழங்குகிறது. சிகிச்சைக் காலத்தில் உணவுக்கென 2018 முதல் மாதம் 500 ரூபாய் அளித்து வந்தது. 2024 நவம்பரில் அது 1000 ரூபாயாக உயர்த்தப்பட்டது.

நான்காவது அங்கம்

மருத்துவர், மருந்து, அருகிருந்து பேணுபவர், நோயாளி என்னும் நான்கும் சிகிச்சையின் அங்கங்கள் என்கிறது சரக சம்ஹிதை. திருக்குறளும் மருந்து என்னும் அதிகாரத்தில் நான்கு கூறுகளையே சொல்கிறது. நோயாளி சிகிச்சையைப் பெறுபவர் மட்டுமல்லர். அதனைச் செய்பவர்களுள் ஒருவர். நினைவாற்றல், சொன்னபடி நடத்தல், அஞ்சாமை, தன் நிலையை மறைக்காமல் உரைத்தல் ஆகிய நான்கும் அவருக்குரிய குணங்கள் எனச் சரகர் வகுத்தார்.

காசநோயாளிக்கு இவை நான்கும் இன்றும் அப்படியே பொருந்துகின்றன. வேளை தவறாமல் நினைவுகூர்ந்து மருந்து உண்பது முதலாவது. நலம் தோன்றிய பின்னும் ஆறு மாதமும் நிறைவு செய்வது இரண்டாவது. ஊரார் பேச்சுக்கு அஞ்சாதிருப்பது மூன்றாவது. தொல்லைகளை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்வது நான்காவது. பேணுபவருக்கும் கடமை உண்டு. தக்க சிகிச்சை தொடங்கிய சில வாரங்களில் தொற்றும் தன்மை வெகுவாகக் குறைந்துவிடுகிறது. ஆகவே நோயாளியைத் தனிமைப்படுத்தி வருத்துவது அறமும் அன்று, அறிவும் அன்று. மாறாக, வீட்டிலுள்ள அனைவரும் பரிசோதனை செய்துகொள்வதும், நோயில்லாதவர் மருத்துவர் கூறும் தடுப்பு மருந்தை உண்பதுமே தக்கன.

துன்பம் இருக்கும்போது மருந்தை நாடுவது எவருக்கும் எளிது. துன்பம் மறைந்த பின்னும், சொன்ன நாள்வரை நியமம் தவறாமல் அதனை உண்பவரே நோயை உண்மையில் வெல்கிறார்.