முதல் கப்பல் டூரா? அக்கா சொல்றதைக் கேட்டுக்கோ!

சிங்கப்பூர்ல ஏறி, பினாங்கும் புக்கெட்டும் பார்த்துட்டு, மறுபடி சிங்கப்பூர்லயே இறங்குற நாலு ராத்திரி கப்பல். மாப்பிள்ளை, ரெண்டு பசங்க, உன் மாமியார்னு அஞ்சு பேர் கிளம்புறீங்க. நல்லா போயிட்டு வாங்க அம்மிணி. ஏறினப்புறம் சாப்பாடு, படுக்கை, வேடிக்கை எல்லாத்தையும் கப்பல்காரங்க பார்த்துப்பாங்க. ஏறுறதுக்கு முன்னாடியும், ஊர் பார்க்க இறங்கும்போதும்தான் நம்ம சாமர்த்தியம் வேணும்.

முதல்ல விசா. கப்பல் சிங்கப்பூரை விட்டுக் கிளம்பிட்டா, நீ அந்த நாட்டை விட்டு வெளியே போனதாத்தான் கணக்கு. திரும்பி வந்து இறங்குறது ரெண்டாவது நுழைவு. அதனால விசா ‘மல்டிபிள் என்ட்ரி’தானான்னு ஏஜென்ட்கிட்ட கேளு; கைக்கு வந்ததும் நீயே ஒருதடவை வாசிச்சுப் பாரு. எஸ்.ஜி. அரைவல் கார்டும் ரெண்டு தடவை போடணும், ஃபிளைட்டுக்கு ஒண்ணு, கப்பலுக்கு ஒண்ணு. வந்து சேர்ற நாளையும் சேர்த்து மூணு நாளைக்குள்ளதான் அதைப் போட முடியும்கிறதால, ரெண்டாவதை ஊர்லயே முடிச்சுட்டுப் போக முடியாது. கரையில நெட் கிடைக்கிற நேரத்துல உட்கார்ந்து போட்டுடு. மலேசியாவுக்கும் தாய்லாந்துக்கும் இதே மாதிரி தனித்தனி டிஜிட்டல் கார்டு இருக்கு. எல்லாமே இலவசம். காசு கேக்குற வெப்சைட்டா இருந்தா உடனே மூடிடு. அந்த ரெண்டு நாட்டுக்கும் இந்தியர்களுக்கான விசா சலுகை அப்பப்போ மாறும், அதையும் கிளம்புறதுக்கு முன்னாடி பார்த்துக்கோ. பாஸ்போர்ட்ல ஆறு மாசம் பாக்கி இருக்கணும்னு உனக்கே தெரியும்.

ரூம் விஷயத்துல எனக்குப் பிடிவாதமான கருத்து உண்டு. முதல் தடவைக்குப் பால்கனி ரூம் தேவையே இல்ல. பசங்களோட போற நீ அந்த ரூம்ல எத்தனை மணி நேரம் இருக்கப் போற? ஜன்னல் இல்லாத உள் ரூம் போதும். பெரும்பாலான ரூம்கள்ல நாலு பேருக்கு மேல விடமாட்டாங்க, அதனால உங்களுக்கு எப்படியும் ரெண்டு ரூம். பக்கத்துப் பக்கத்துல கேளு. அத்தைக்கு முட்டிவலி இருக்கறதால லிஃப்டுக்குக் கிட்டத்துல, ஆனா லிஃப்டை ஒட்டி வேண்டாம், ராத்திரி பூரா சத்தம் இருக்கும். கப்பலோட நடுப்பகுதியில, கீழ் தளத்துல இருக்கிற ரூம்னா ஆட்டமும் கம்மி.

விளம்பரத்துல போட்டிருக்கிற ரேட், ரெண்டு பேர் ஒரு ரூமைப் பகிர்ந்துக்கிட்டா ஒருத்தருக்கு எவ்வளவுங்கிறது. துறைமுக வரி தனி. டிப்ஸும் தனி. நிறைய கம்பெனிகள்ல தினமும் ஒருத்தருக்கு இத்தனை டாலர்னு அவங்களே பில்லுல சேர்த்துடுவாங்க, குழந்தைங்களுக்கும் சேர்த்து. ஒருத்தருக்கு 18 டாலர்னு வெச்சுக்கிட்டாகூட அஞ்சு பேருக்கு நாலு ராத்திரிக்கு 360 டாலர் ஆச்சு. இதை இப்பவே பட்ஜெட்ல எழுதிடு, கடைசி நாள் பில்லைப் பார்த்துட்டு மாப்பிள்ளை முகம் மாறக்கூடாது. கப்பலுக்குள்ள ரொக்கம் செல்லாது, ரூம் கார்டைத் தேய்ச்சாத்தான் எல்லாம். அதோட டெபிட் கார்டை இணைக்காதே. முன்பணமா ஒரு தொகையைப் பிடிச்சு வெச்சு, அது திரும்ப விடுபட நாளாகும்.

கப்பல் கிளம்புற அன்னிக்குக் காலையில போய் இறங்குற ஃபிளைட்டை எடுக்காதே. முந்தின நாளே சிங்கப்பூர் போயிடு. டெர்மினல்ல பெரிய பெட்டிகளை டேக் கட்டி வாங்கிப்பாங்க. அது ரூமுக்கு வந்து சேர சாயங்காலம் ஆகலாம். பசங்க ஏறின அஞ்சாவது நிமிஷம் நீச்சல் குளம் எங்கேம்பாங்க. அதனால கைப்பையில பாஸ்போர்ட், மாத்திரை, சார்ஜரோட ரெண்டு பேருக்கும் நீச்சல் டிரஸ்ஸையும் வெச்சுக்கோ.

இப்போ நீ கோவிச்சுக்கப் போற விஷயம். ரைஸ் குக்கர், கெட்டில், இஸ்திரிப் பெட்டி, தண்ணி காய வைக்கிற ராட் எதுவும் கூடாது, ஸ்கேன்ல பிடிச்சு எடுத்து வெச்சுப்பாங்க. நடுக்கடல்ல தீ பிடிச்சா ஓடுறதுக்கு இடம் இல்லங்கிறதால அவங்க இதுல கறார். அத்தையோட ஊதுபத்தியும் அகல் விளக்கும்கூட அதே கணக்குதான். பேட்டரி விளக்கு ஒண்ணு வாங்கிக் கொடுத்துடு. வீட்ல சுட்ட முறுக்கையும் அனுமதிக்கறது சந்தேகம். பாக்கெட்ல சீல் பண்ணினதுன்னா பெரும்பாலும் விட்டுடுவாங்க. ஊறுகாயும் அப்படியே வாங்கிக்கோ. ஆனா ஒரு சின்ன பிளாஸ்டிக் மக் கட்டாயம். ரூம் டாய்லெட்ல ஹெல்த் ஃபாசெட் இருக்காதுன்னே நினைச்சுக்கிட்டுப் போ. அது காத்தால உறிஞ்சுற டாய்லெட், அவங்க கொடுக்குற பேப்பரைத் தவிர வேற எதையும் போட்டா அடைச்சுக்கும்.

சைவம்னு புக்கிங்லயே பதிவு பண்ணு. அது போதாது. முதல் நாள் ராத்திரி டைனிங் ஹால்ல மேற்பார்வை பார்க்கிறவரைக் கூப்பிட்டு, “நாளைக்கு இந்தியச் சைவம் வேணும், முட்டை கூடாது”ன்னு சொல்லிடு. முந்தின நாளே சொன்னா சமைச்சுத் தருவாங்க. நிறைய கப்பல்ல சமையல்கட்டுலயும் பரிமாறுற இடத்துலயும் நம்ம ஊர் ஆளுங்க இருப்பாங்க. அத்தை தமிழ்ல பேச ஆரம்பிச்சா தயிர் தானா வந்து சேரும்.

வாந்தி பயம் வேண்டாம். மலாக்கா நீரிணையில கடல் பெரும்பாலும் அமைதிதான். புக்கெட் பக்கம், அதுவும் மே முதல் அக்டோபர் வரைக்கும், கொஞ்சம் ஆட்டலாம். டாக்டர்கிட்ட கேட்டு மாத்திரை வாங்கிக்கோ. குமட்டல் ஆரம்பிச்சப்புறம் போட்டா பிரயோஜனம் இல்ல, முன்கூட்டியே போடணும். தூக்கம் வரும். குழந்தைங்களுக்குப் பெரியவங்க மாத்திரையை உடைச்சுக் கொடுக்கற வேலை வேண்டாம். கப்பல்ல டாக்டர் உண்டு, ஆனா ஃபீஸ் டாலர்ல. மருத்துவச் செலவோட, அவசரத்துக்குக் கரைக்குக் கொண்டுபோற செலவையும் ஏத்துக்கிற இன்ஷூரன்ஸ் எடு. பால்கனிக்குக் கொடுக்கிற காசை இதுக்குக் கொடு.

ஏறின உடனே ஒரு பாதுகாப்பு டிரில் இருக்கும். 2012 ஜனவரி 13 ராத்திரி, இத்தாலியில ஜிலியோ தீவுக்கிட்ட கோஸ்டா கான்கார்டியா கப்பல் பாறையில மோதி 32 பேர் இறந்துபோனாங்க. அன்னிக்குப் புதுசா ஏறினவங்களுக்கு டிரில் நடத்தியிருக்கவே இல்ல. அதுக்கப்புறம்தான் கிளம்புறதுக்கு முன்னாடியோ கிளம்பினதுமோ முடிச்சாகணும்னு விதியை மாத்தினாங்க. ஆபத்துன்னா நீங்க போய் நிக்க வேண்டிய ஸ்டேஷன் எங்கேன்னு பசங்களை நடத்தியே கூட்டிட்டுப் போய் காட்டு.

உள்ள காரிடார் எல்லாம் ஒரே மாதிரி நீண்டுகிட்டே போகும், கதவுக்குக் கதவு வித்தியாசமே தெரியாது. கதவு இரும்புங்கிறதால காந்தம் ஒட்டும். நம்ம ஃபிரிட்ஜ்ல இருக்கற மயில் காந்தத்தை எடுத்துப்போய் ஒட்டிடு, சின்னவன் எண்ணைப் படிக்கத் தெரியாமலேயே ரூமைக் கண்டுபிடிச்சுடுவான். போனைக் கப்பல் ஏறினதும் ஃபிளைட் மோடுல போடு. நடுக்கடல்ல கப்பலோட நெட்வொர்க்கைப் பிடிச்சுக்கிச்சுன்னா பில் தாறுமாறா ஏறும்.

ஊர்ல இறங்கும்போது கடிகாரத்தை மறக்காதே. தாய்லாந்து நேரம் சிங்கப்பூரை விட ஒரு மணி நேரம் பின்னாடி. கப்பல் பெரும்பாலும் சிங்கப்பூர் நேரத்துலயேதான் ஓடும். உன் போன் புக்கெட்ல கரை இறங்கினதும் தானா மாறிடும். ‘அஞ்சு மணிக்குள்ள ஏறணும்’னு அவங்க சொன்னா, உன் போன்ல அது நாலு. எது கப்பல் நேரம்னு இறங்குறதுக்கு முன்னாடி வாசல்ல கேட்டுட்டு, பழைய கைக்கடிகாரத்தை அந்த நேரத்துல வெச்சுக் கட்டிக்கோ. கப்பல்காரங்க நடத்துற டூர்ல போனா லேட்டானாலும் காத்திருப்பாங்க. நீயா டாக்ஸி பிடிச்சுப் போனா காத்திருக்கமாட்டாங்க. புக்கெட்ல கப்பல் கரையை ஒட்டாம நங்கூரம் போட்டு, படகுல கொண்டுபோய் விடறதும் உண்டு; ஆடுற படகுல அத்தை கால் வைக்கணுமேன்னு யோசிச்சு, அன்னிக்கு அவங்க கப்பல்லயே ஓய்வெடுக்கட்டும்.

பினாங்குல அந்தக் கவலை இல்ல. ஸ்வெட்டன்ஹாம் துறைமுகத்துல இறங்கினா ஜார்ஜ் டவுன்தான். குயின் தெருவுல 1833-ல கட்டின மகா மாரியம்மன் கோயில் இருக்கு, சுத்திலும் லிட்டில் இந்தியா. அத்தையைத் தாராளமா கூட்டிட்டுப் போ. டூருக்குக் காசு கட்டவே வேண்டாம்.

கடைசி ராத்திரி பெட்டியெல்லாம் வாசல்ல வெச்சிடச் சொல்வாங்க. மறுநாள் போடற டிரஸ், செருப்பு, பாஸ்போர்ட்டை வெளியே எடுத்து வெச்சப்புறம் பூட்டு. காலைல இறங்க, இமிக்ரேஷன் முடிக்க நேரமாகும். ஊருக்கு ஃபிளைட்டைச் சாயங்காலத்துக்கு மேல போடு.