வயோதிகப் பெற்றோருக்குத் துணையாள் அமர்த்துதல்



“சுவாமி, அம்மாவைப் பார்த்துக்கொள்ள நம்பிக்கையான ஆள் யாராவது உண்டா?” என்ற கேள்வி இல்லாமல் இப்போதெல்லாம் ஒரு மாதம் கழிவதில்லை. கேட்பவர்கள் குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்கள். கூலிக்கு ஆள் வைப்பது நாலாங் கற்பனைக்கு விரோதமோ என்று அவர்களுக்குப் பயம். அப்படி ஒன்றும் விரோதமில்லை. 2011-ம் ஆண்டுக் குடிக்கணக்கிலேயே தமிழ்நாட்டில் நூற்றுக்கு 10 பேருக்கு மேல் 60 வயதை எட்டியிருந்தார்கள். ஒரு பிள்ளை வளைகுடாவில், ஒரு பிள்ளை பெங்களூரில், ஊரிலிருக்கும் மருமகளோ வேலைக்குப் போகிறவள். படுக்கையோடு கிடக்கும் மாமியாரைத் தனியே தூக்கித் திருப்ப அவளால் ஆகுமா? ஆகையால் தாராளமாய் ஆள் அமர்த்துங்கள். ஆனால் யாரை, எப்படி என்பதை யோசித்துச் செய்யுங்கள்.

முதலாவது, உங்கள் தாய் தகப்பனுக்கு என்ன உதவி தேவை என்று ஒரு தாளில் எழுதுங்கள். குளிக்கவும் நடக்கவும் துணை போதுமா? படுக்கையிலேயே மலசலம் எடுக்க வேண்டுமா? இவற்றுக்குப் பழகிய கையும் பொறுமையும் இருந்தால் போதும். புண்ணுக்குக் கட்டுப் போடுவதும், சிறுநீர்க் குழாய் மாற்றுவதும் படித்த நர்சின் வேலை. வெள்ளை உடை போட்டவர்கள் எல்லோரும் நர்ஸ் ஆகிவிட மாட்டார்கள். முறையாகப் படித்தவரானால் நர்சிங் கவுன்சிலில் பதிந்த எண் இருக்கும். கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

அடுத்தது, விசாரணை. இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆள் வந்ததும் சிலர் கேட்கிற முதல் கேள்வி, “நீ என்ன ஆளுங்க?” என்பது. தாயின் மலத்தை எடுக்க ஒரு கை வேண்டும், அந்தக் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்க மட்டும் கூச்சமா? அந்தக் கேள்வியை விட்டுவிட்டு வேறு கேள்விகளைக் கேளுங்கள். இதற்குமுன் வேலை செய்த இரண்டு வீடுகளின் தொலைபேசி எண்ணை வாங்கி நீங்களே பேசுங்கள். “நல்லவளா?” என்றால் எல்லோரும் “நல்லவள்” என்றுதான் சொல்வார்கள். “மறுபடியும் உங்கள் வீட்டில் வைத்துக்கொள்வீர்களா?” என்று கேளுங்கள். பதில் வரத் தாமதமானால் அதுவே ஒரு பதில். ஆதாரின் நகல், சொந்த ஊர் முகவரி, உறவினர் ஒருவரின் எண் ஆகியவற்றை வாங்கி வையுங்கள். போலீஸ் சரிபார்ப்பும் செய்துகொள்ளலாம்; ஆனால் அது ஒருவர்மேல் வழக்கு உண்டா இல்லையா என்பதைத்தான் காட்டும், பொறுமைசாலியா என்று காட்டாது. ஏஜென்சி மூலம் எடுத்தால், நீங்கள் கட்டும் பணத்தில் அந்தப் பெண்ணின் கையில் எவ்வளவு சேருகிறது என்று கேட்க மறவாதேயுங்கள். பாதிகூடச் சேராதவள் நிலைத்து நிற்க மாட்டாள்.

வேலை தெரியுமா என்று பேச்சிலேயே அறிந்துகொள்ளலாம். படுத்தே கிடப்பவரை எத்தனை நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பாய் என்று கேளுங்கள். சுமார் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை என்றால் பழகியவள். படுத்த நிலையில் கஞ்சி ஊட்டினால் புரையேறி நுரையீரலுக்குப் போய்விடும். உட்காரவைத்து ஊட்டி, பிறகும் அரைமணி நேரம் சாய்ந்து உட்காரவைக்க வேண்டும். சர்க்கரை வியாதிக்காரர் திடீரென்று வியர்த்து நடுங்கினால் என்ன செய்வாள்? “தெரியாது, சொல்லித் தாருங்கள்” என்பவளை நம்பலாம். எல்லாம் தெரியும் என்று தலையாட்டுகிறவளிடம் ஜாக்கிரதை.

பெரியவர்களையும் ஒரு வார்த்தை கேளுங்கள். குளிப்பாட்டப்படுவது அவர்களுடைய சரீரம். தகப்பனுக்கு ஆண் துணையே நல்லது.

நகை, பத்திரம், ஏ.டி.எம். அட்டை இவற்றை முதல் நாளே வங்கிப் பெட்டகத்திலோ உங்கள் கையிலோ வைத்துக்கொள்ளுங்கள். இது சந்தேகப்பட்டுச் செய்வது அல்ல. ஏழைப் பெண்ணின்மேல் வீண்பழி விழாமலிருக்கவும் இதுவே வழி. ஏனென்றால் ஞாபகமறதி வியாதி கண்டவர்கள், தாங்களே எடுத்து வைத்த பொருளைக் காணாமல் “திருடிவிட்டாள்” என்று சொல்வது சாதாரணமாய் நடப்பது. அதைக் கேட்டவுடன் வேலைக்காரியை அடிக்க ஓடாதீர்கள். வியாதியின் பேச்சு என்று முற்றிலும் தள்ளிவிடவும் வேண்டாம். தலையணை உறைக்குள்ளும் அரிசிப் பானையிலும் முதலில் தேடுங்கள்.

முதல் வாரம் வீட்டார் ஒருவர் கூட இருப்பது அவசியம். பிறகும் சொல்லாமல் கொள்ளாமல், வெவ்வேறு நேரத்தில் வாருங்கள். காரணம் தெரியாத கன்றிப்போன தழும்பு, மூத்திர வாடை, உடல் இளைப்பு, பகலெல்லாம் அளவுக்கு மிஞ்சிய தூக்கம், அவள் அறைக்குள் வந்ததும் தாய் பேச்சை நிறுத்துவது: இவற்றில் ஒன்றைக் கண்டாலும் விசாரியுங்கள். தூக்க மாத்திரைகளை எண்ணி வையுங்கள். கேமரா வைப்பதானால் துணையாளுக்கும் பெற்றோருக்கும் சொல்லிவிட்டு வையுங்கள். குளிக்கிற, உடை மாற்றுகிற இடத்தில் கூடவே கூடாது. கொடுமை நடக்கிறதென்று தெரிந்தால் முதியோர் உதவி எண் 14567-க்குச் சொல்லலாம். பராமரிக்கும் பொறுப்பிலுள்ளவர் மூத்தோரை ஒரேயடியாய்க் கைவிட எண்ணி எங்காவது விட்டுப்போவது 2007-ம் ஆண்டுச் சட்டப்படி 3 மாதம்வரை சிறைக்குரிய குற்றம். அது பிள்ளைகளுக்கும் பொருந்தும்.

இனிச் சம்பளம். கூலிக்காரருடைய கூலியைப் பிடித்துக்கொள்வது வானத்தை நோக்கிக் கூப்பிடுகிற பாவங்களில் ஒன்று என்று ஞானோபதேசத்தில் படித்திருக்கிறீர்கள். பேசிய சம்பளத்தைப் பேசிய தேதியில் கொடுங்கள். வீட்டார் உண்ணும் சாப்பாட்டையே கொடுங்கள். இராத்திரி நாலுமுறை எழுப்பப்படுகிறவள் பகலில் சிலமணி நேரம் தூங்க வேண்டாமா? தூக்கமில்லாதவளுக்குக் கோபம் வரும், அந்தக் கோபம் உங்கள் தாயின்மேல் விழும். தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர்களுக்கென்று 2007-ல் நல வாரியம் ஏற்பட்டிருக்கிறது. அதில் பதிந்துகொள்ள அவளுக்கு உதவி செய்யலாம்.

வாரத்தில் ஒருநாள் அவளுக்கு விடுப்பு கொடுங்கள். அன்றைக்கு மகனோ மகளோ தாமே பெற்றோரைத் துடைத்து உடைமாற்றுங்கள். அப்போது முதுகு, இடுப்பின் பின்புறம், குதிகால் ஆகிய இடங்களில் தோல் சிவந்திருக்கிறதா என்று பாருங்கள். விரலால் அழுத்தியும் சிவப்பு மறையாவிட்டால் படுக்கைப் புண் தொடங்குகிறது; அன்றே டாக்டருக்குச் சொல்லுங்கள்.