நண்பர் கூடி நூல் பயிலுதல்

மாணாக்கன் எய்தும் புலமையிற் காற்பங்கே ஆசிரியர்பாற் கிடைப்பது. மற்றொரு காற்பங்கு உடன் பயில்வாரொடு பழகுதலான் வருவது. எஞ்சிய அரைப்பங்கோ தான் கற்றதைப் பிறர்க்கு விரித்துரைத்தலான் நிரம்புவது. இது பவணந்தி முனிவர் நன்னூற் பொதுப்பாயிரத்துள் வகுத்த கணக்கு. இக்கணக்கை யாம் தேர்வின்பொருட்டு நெட்டுருப் பண்ணி, விடைத்தாளில் எழுதி, மதிப்பெண்ணும் பெற்றுவிட்டோம். ஆயினும் இடைநின்ற அக்காற்பங்கை எங்ஙனம் ஈட்டுவது என்று எம்முள் ஒருவரும் எண்ணிப் பார்த்ததில்லை. சென்ற ஆண்டு மழைக்காலத்தில் விடுதி நண்பர் எழுவர் சேர்ந்து ஒரு சிறு வாசக சங்கம் கண்ட பின்னரே அஃது ஒருவாறு விளங்கலாயிற்று. அச்சங்கம் நடந்த வகையையும், இடையே நடவாது நின்ற வகையையும் ஈண்டுக் கூறப் புகுகின்றோம்.

எழுவருள் மூவர் தமிழ்ச் சிறப்பு வகுப்பினர். ஏனையோர் கணிதமும், பொருளாதாரமும், இயற்பியலும் பயில்வோர். சங்கத்துக்குத் தலைவரில்லை, காரியதரிசி இல்லை, சந்தாவும் இல்லை. சனிக்கிழமை மாலை உணவு மணி அடிப்பதற்கு முந்திய ஒரு மணி நேரமே எமக்குரிய காலம். தமிழ் மாணாக்கராகிய யாம் மூவரும் எமது பெருமை தோன்றச் சிலப்பதிகாரத்தை அடியார்க்குநல்லார் உரையோடு தொடங்கலாம் என்றோம். முதல் வாரம் எழுவர் வந்தனர். இரண்டாம் வாரம் ஐவர். மூன்றாம் வாரம் யாம் மூவரே இருந்து ஒருவர் முகத்தை ஒருவர் நோக்கினோம். நூலின்மேற் குற்றமில்லை. பசித்து வந்தவர்க்கு விருந்தின் பெருமையைக் கூறிக்கொண்டே இலை போடாதிருந்தது எம் குற்றம்.

பின்னர் எடுத்துக்கொண்டது பி. ஆர். ராஜமையரின் கமலாம்பாள் சரித்திரம். இந்நூல் 1893-ஆம் ஆண்டு முதல் விவேக சிந்தாமணிப் பத்திரிகையில் பகுதி பகுதியாக வெளிவந்தது. வத்தலக்குண்டில் 1872-இற் பிறந்த ஆசிரியர்க்கு அப்பொழுது வயது 21. எம்மினும் ஈராண்டே மூத்த ஒருவர் எழுதியது என்று கேட்ட அளவில், அதுகாறும் சுவரிற் சாய்ந்திருந்த கணித நண்பரும் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவ்வாசிரியர் 1898-இல் 26-ஆம் வயதிற் காலமானார் என்று கூறியபோது சிறிது நேரம் ஒருவரும் பேசிற்றிலர்.

எழுவருக்கும் இரண்டே படிகள் கிடைத்தமையின் ஒருவர் உரக்க வாசிக்க ஏனையோர் கேட்கும் முறை தானே அமைந்தது. வறுமையான் விளைந்த இம்முறையே சங்கத்தின் உயிர்நிலை ஆயிற்று. முன்கூட்டிப் படித்து வருதல் வேண்டாம் என விதித்ததனாற் படியாமல் வந்தேன் என்று நாணி ஒளிவார் இலராயினர். ஒரு மணியில் வாசித்து முடியும் அளவே அன்றைப் பாடம். கதை எத்துணைச் சுவையான இடத்தில் நின்றாலும் மணி அடித்தவுடன் புத்தகம் மூடப்படும். இக்கொடுமையினாலேயே மறுவாரம் அனைவரும் தவறாது வந்தனர் எனலாம். அந்நூலில் ஊர்ப்பெண்டிர் கூடிப் புறங்கூறும் கூட்டத்துக்கு ஆசிரியர் வம்பர் மகாசபை எனப் பெயரிட்டிருக்கின்றார். எம் நகையொலியைக் கேட்ட அடுத்த அறையினர் அப்பெயரை எமக்கே சூட்டிவிட்டனர், யாமும் மறுத்திலேம்.

ஆறாம் வாரத்தில் இடையூறு நேர்ந்தது. இயற்பியல் நண்பர் வாசிக்கும் முறை. அவர் பள்ளியிற் பெரும்பாலும் ஆங்கில வழியே பயின்றவராதலின் தமிழை எழுத்துக் கூட்டியே மெல்ல வாசிப்பார். ழகரம் அவர் நாவில் ளகரமாகவே வரும். யாம் மூவரும் அடிதோறும் இடைமறித்துத் திருத்தினோம். நான்காம் முறை திருத்தியபோது எம்முள் ஒருவர் நகைத்தும் விட்டார். நண்பர் புத்தகத்தை அமைதியாக அடுத்தவர் கையிற் கொடுத்தார். மறுவாரம் அவர் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. சோதனை வேலை மிகுதி என்று சொல்லியனுப்பினார். அஃது உண்மையன்று என்பதை யாம் அறிந்திருந்தும், போய்க் கேட்கத் துணிந்தேம் அல்லேம்.

அந்நாட்களிற் கலாசாலை நூல்நிலையத்திற் பெஞ்சமின் பிராங்க்ளின் தம் வரலாற்றை யாம் வாசிக்க நேர்ந்தது. அவர் 1727-இற் பிலடெல்பியா நகரில் ஜண்டோ என்னும் நண்பர் குழுவை அமைத்தார். வெள்ளிக்கிழமை மாலைதோறும் கூடிய அக்குழுவினர் தொகையைப் பன்னிரண்டுக்கு மேற்படாது வரையறுத்திருந்தனர். தம் நண்பரையும் சேர்க்க வேண்டுமெனச் சிலர் கேட்டபோது, குழுவைப் பெருக்குதற்கு மாறாக ஒவ்வொருவரும் தனித்தனியே வேறொரு சிறு குழு தொடங்குக என்றார் பிராங்க்ளின். குழுவினர் தத்தம் புத்தகங்களை ஓரிடத்திற் கூட்டி வைத்துப் பார்த்தனர். பேணுவாரின்றிச் சில பழுதுறவே ஓராண்டில் அவரவர் தம்முடையவற்றை எடுத்துச் சென்றனர். அத்தோல்விக்குப் பின்னரே, 1731-இல், முதற்கண் 40 ஷில்லிங்கும் பின் ஆண்டுதோறும் 10 ஷில்லிங்கும் செலுத்தும் 50 பேரைச் சேர்த்து ஒரு சந்தா நூல்நிலையம் காணப்பட்டது. எமக்கு இவற்றினும் மேலாகத் தைத்தது வேறொரு விதி. ஐயமின்றி அடித்துப் பேசுவோர்க்கும், பிறர் கூற்றை நேரே மறுப்போர்க்கும் அக்குழுவிற் சிறு தண்டம் உண்டு. அப்பக்கத்தை வாசித்து முடித்தவுடன் எழுந்து இயற்பியல் நண்பர் அறைக்குச் சென்றோம்.

அவர் சினந்தாரில்லை. யாம் மன்னிப்புக் கேட்கத் தொடங்குமுன், "ழகரத்திற்காக நான் வராமலில்லை. நீங்கள் மூவர் பேசி முடித்தபின் எங்களுக்குச் சொல்ல ஒன்றும் எஞ்சுவதில்லை," என்றார். பின்னும் சிறிது பொறுத்து, "அம்மையப்ப பிள்ளையைக் கண்டு எல்லாரினும் உரக்கச் சிரித்தவர்கள் நீங்களே. அவர் யார் என்று உங்களுக்குத் தெரியவில்லையா?" என்று வினவினார். ஆடுசாபட்டி அம்மையப்ப பிள்ளை அந்நூலில் வரும் தமிழ்ப் புலவர். செய்யுட் சொல்லணிகளிலே திளைத்து உலகியலிற் பேதையராய் நிற்பவர். யாம் விடை கூறாது திரும்பினோம்.

இவ்விடத்தில் உ. வே. சாமிநாதையர் வரலாறு எமக்கு நினைவுக்கு வந்தது. மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடங் கேட்டுக் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராக அமர்ந்த அவர், 1880-இற் சேலம் இராமசாமி முதலியாரைக் கண்டார். தாம் கற்ற நூல்களையெல்லாம் அடுக்கிச் சொல்லியும் முதலியார் வியந்தாரில்லை. இவற்றுக்கு மூலமான பழைய நூல்களைப் படித்ததுண்டோ என வினவிச் சீவக சிந்தாமணியை வாசிக்கத் தூண்டினார். வாசிக்கப் புகுந்த ஐயர்க்குச் சமண சமயச் செய்திகள் பல விளங்கவில்லை. அந்நகரத்துச் சமணர் தம் இல்லத்திற் கூடிச் சிந்தாமணியைப் படித்து வருதலை அறிந்து, அவர்பாற் சென்று கேட்டுத் தெளிந்தார். 1887-இல் வெளிவந்த சிந்தாமணிப் பதிப்புக்கு அவ்வீட்டு வாசிப்பும் ஒரு துணையாயிற்று. பெருநூல் பல கற்ற புலவர், வீட்டுத் தரையில் அமர்ந்து வாசிப்போரிடம் தமக்குத் தெரியாது என்று சொல்லிக் கேட்டார். யாமோ ஒரு ழகரத்தைக்கூடப் பொறுத்தோமில்லை.

அதன்பின் சங்கத்தில் இரண்டு விதிகள் ஏற்பட்டன. வாசிப்பவர் தாமே கேட்டாலன்றி ஒருவரும் திருத்துதல் கூடாது. வாசிப்பு முடிந்தவுடன் தமிழ் வகுப்பினர் கடைசியிலேயே வாய் திறத்தல் வேண்டும். "இதுவே முடிந்த முடிபு" என்ற தொனியில் எவர் பேசினும் அனைவர்க்கும் வறுத்த வேர்க்கடலை வாங்கித் தருதல் தண்டம். முதல் மாதத்தில் இத்தண்டம் செலுத்தியோர் அனைவரும் எம் வகுப்பினரே என்பதை ஒளிக்காமற் சொல்லிவிடுகின்றோம். கலாசாலை வாயிலிற் கடலை விற்கும் பாட்டி எம்மைக் கண்டவுடன் பொட்டலம் மடிக்கத் தொடங்கிவிடுவார்.

இயற்பியல் நண்பர் திரும்பி வந்தார். மூன்று வாரம் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தார். நான்காம் வாரம் தாமே கை நீட்டிப் புத்தகத்தை வாங்கி இரண்டு பக்கம் வாசித்தார். ஒரு சொல்லில் நின்று எம்மை நோக்கினார். கேட்டமையாற் சொன்னோம்.

நூலை முடித்துவிட்டோம், அதைப் பற்றிய வழக்கு முடியவில்லை. முற்பாதியில் ஊரும் வம்பும் நகையுமாய்ச் சென்ற கதை பிற்பாதியில் வேதாந்தத்திற் புகுதலை நால்வர் குறையென்பர்; மூவர் ஆசிரியர் தொடக்கமுதலே அங்குத்தான் சென்றுகொண்டிருந்தார் என்பர். அம்மூவருள் ஒருவர் இயற்பியல் நண்பர். வரும் பருவத்துக்கு அ. மாதவையாவின் பத்மாவதி சரித்திரம் எடுக்கப்பட்டிருக்கின்றது. படி இம்முறையும் இரண்டே. எட்டாமவராகச் சேர விரும்பிய முதலாண்டு மாணாக்கர் நால்வருக்கு, பிராங்க்ளின் சொன்னவாறே, தாமே ஒரு சங்கம் தொடங்குமாறு கூறி, கமலாம்பாள் சரித்திரப் படிகள் இரண்டையும் கொடுத்திருக்கின்றோம்.