ஏறுவதற்கு முன் இறங்கக் கற்றுக்கொள்ளுங்கள்: ஷிஃப்ட் வேலைக்காரர்களுக்கு ஆறு ஆதாரத் தியானம்

ஒரகடத்திலோ வல்லம் வடகாலிலோ இருங்காட்டுக்கோட்டையிலோ வேலை முடித்து, கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்து கைபேசியைத் திறந்தால், சில நாட்களிலேயே குண்டலினியை எழுப்பித் தருவதாகச் சொல்லும் வீடியோ ஒன்றாவது கண்ணில் படும். அதைப் பார்த்து ஆர்வம் வருவதில் தவறில்லை. ஆனால் தொடங்க வேண்டிய இடம் அதுவல்ல.

ஒரகடத்திலிருந்து சிங்கப்பெருமாள்கோயில் போய், ஜி.எஸ்.டி. சாலையில் வடக்கே திரும்பினால், மறைமலைநகரைத் தாண்டிக் கூடுவாஞ்சேரி. அங்கே ஒரு நெசவாளர் குடும்பத்தில் 1911-இல் பிறந்தவர் வேதாத்திரி மகரிஷி. தறியில் உட்கார்ந்து நெய்தவர். பிறகு ஜவுளித் தொழில் நடத்தி, அதன் ஏற்ற இறக்கங்களையும் பார்த்தவர். குடும்பஸ்தராகவே யோகம் பயின்றார். பரஞ்சோதி மகானிடம் தீட்சை பெற்றார். 1958-இல் உலக சமுதாய சேவா சங்கத்தைத் தொடங்கினார். அவர் வகுத்த எளியமுறை குண்டலினி யோகம்தான் இன்று ஊர் ஊராக மனவளக்கலை மன்றங்களில் கற்பிக்கப்படுகிறது. ஆழியாற்றில் அறிவுத் திருக்கோயிலை எழுப்பியவரும் அவரே. 2006-இல் மறைந்தார்.

அவருடைய பாடத்திட்டத்தில் ஒரு வரிசை உண்டு. முதல் தீட்சையில் ஆசிரியர் புருவ மத்தியைத் தொட்டு, கவனத்தை அங்கே நிறுத்தப் பழக்குவார். இது ஆக்கினைத் தவம். அதை அடுத்து வருவது சாந்தி தவம். மேலே போன கவனத்தை முதுகுத்தண்டின் அடியில் உள்ள மூலாதாரத்துக்கு இறக்கிக்கொண்டுவரும் பயிற்சி இது. ஏறிய கையோடு இறங்கவும் கற்றுக்கொடுத்துவிடுகிறார்கள். வீடியோக்களில் பெரும்பாலும் விடுபட்டுப்போவது இந்த இறக்கம்தான். தூக்கம் குறைந்த உடம்போடு உட்காரும் ஷிஃப்ட் வேலைக்காரருக்கு இதைவிட முக்கியமான பாடம் வேறு கிடையாது என்பது என் உறுதியான எண்ணம்.

எதைப் பற்றிப் பேசுகிறோம்

குண்டலினிப் பயிற்சி தந்திர மரபைச் சேர்ந்தது. தந்திரம் என்றதும் மாந்திரீகம், வசியம் என்று பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். திருமூலரின் திருமந்திரம் ஒன்பது தந்திரங்களாகவே வகுக்கப்பட்டிருக்கிறது. அதில் மூன்றாம் தந்திரம் முழுக்க யோகம். ஔவையாரின் விநாயகர் அகவலைப் பிள்ளையார் கோயிலில் சொல்லியிருந்தால், மூலாதாரமும் குண்டலினியும் ஏற்கெனவே உங்கள் வாயில் வந்து போனவைதான்.

முதுகுத்தண்டின் அடியில் மூன்றரைச் சுற்றாகச் சுருண்டு உறங்கும் சக்தி குண்டலினி என்பது யோக மரபு. இடப்பக்கம் இடகலை, வலப்பக்கம் பிங்கலை, நடுவில் சுழுமுனை என மூன்று நாடிகள். நடுநாடியின் வழியில் ஆறு ஆதாரங்கள். ஆறையும் கடந்து உச்சந்தலையில் ஆயிரம் இதழ்த் தாமரை.

ஆறையும் கீழிருந்து வரிசையாகச் சொல்கிறேன். உட்காரும் இடத்தில் மூலாதாரம்: நான்கு இதழ், நிலம், லம் என்னும் ஒலி, பிள்ளையாரின் இடம். அடிவயிற்றில் சுவாதிட்டானம்: ஆறு இதழ், நீர், வம். தொப்புளில் மணிபூரகம்: பத்து இதழ், நெருப்பு, ரம். நெஞ்சின் நடுவில் அநாகதம்: பன்னிரண்டு இதழ், காற்று, யம். தொண்டையில் விசுத்தி: பதினாறு இதழ், வெளி, ஹம். புருவ மத்தியில் ஆக்கினை: இரண்டே இதழ், ஓம். இதழ்களைக் கூட்டினால் ஐம்பது வரும். அது வடமொழி எழுத்துகளின் எண்ணிக்கை. எழுத்துகளை உடம்பில் பதித்துத் தியானிப்பது தந்திர மரபின் வழக்கம்.

தமிழ்நாட்டுச் சைவர்கள் இதையே கோயில்களாகவும் சொல்லிவைத்தார்கள். திருவாரூர் மூலாதாரம், திருவானைக்கா சுவாதிட்டானம், திருவண்ணாமலை மணிபூரகம், சிதம்பரம் அநாகதம், காளத்தி விசுத்தி, காசி ஆக்கினை. பஞ்சபூதத் தலங்களில் சிதம்பரம் வெளி, காளத்தி காற்று. ஆதார வரிசையில் அவை இடம் மாறி நிற்கின்றன. இதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். ஒவ்வொரு மரபும் தன் தியானத்துக்கு ஏற்றபடி வரைந்துகொண்ட படங்கள் இவை. ஆதாரங்களின் எண்ணிக்கைகூட நூலுக்கு நூல் மாறும். இன்று உலகம் முழுக்கப் பேசப்படும் வரிசை, வங்காளத்துப் பூர்ணானந்தர் 1577-இல் எழுதிய நூலைக் கல்கத்தா உயர் நீதிமன்ற நீதிபதி ஜான் உட்ராஃப் 1919-இல் ஆங்கிலத்தில் வெளியிட்டதால் பரவியது. யோகா ஸ்டுடியோ சுவர்களில் காணும் வானவில் நிறங்கள் அந்த நூலில் இல்லை. அவை இருபதாம் நூற்றாண்டில் மேற்கே சேர்க்கப்பட்டவை.

ஸ்கேனில் ஆதாரம் தெரியாது. அவை கவனத்தை நிறுத்துவதற்கான இடங்கள். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதிப் பயம் போய்விடும்.

நேரம்

காலை நான்கரை மணி பிரம்ம முகூர்த்தம் என்று புத்தகங்கள் சொல்லும். ஷிஃப்ட் மாறிக்கொண்டே இருப்பவருக்கு அது நடக்காது. கடிகாரத்தை விட்டுவிட்டு, நாளின் ஒரு செயலோடு பயிற்சியைக் கட்டிவிடுங்கள். தூங்கி எழுந்து, குளித்து, சாப்பிடுவதற்கு முன். எந்த ஷிஃப்டாக இருந்தாலும் இந்த இடைவெளி கிடைக்கும். இருபது நிமிடம் போதும்.

நைட் ஷிஃப்ட் முடிந்து வந்ததும் தியானத்தில் உட்காராதீர்கள். தூங்குங்கள். தூக்கம் கெட்ட உடம்பில் மூச்சுப் பயிற்சியையும் தீவிரத் தியானத்தையும் ஏற்றினால் படபடப்பும் பயமும் வரக்கூடும். சிலருக்குத் தூக்கக் கேடு ஒன்றே மனநோயைத் தூண்டிவிடும். ஆறு மணி நேரத் தூக்கம் இல்லாத நாளில் பயிற்சிக்கு விடுமுறை.

உடம்பைத் தளர்த்துதல்

எட்டு மணி நேரம் லைனில் நிற்கும் கால் உடனே பத்மாசனத்துக்கு வளையாது. வளைக்கவும் வேண்டாம். முதல் ஏழெட்டு நிமிடம் கணுக்காலைச் சுழற்றுங்கள், முழங்காலை மடக்கி நீட்டுங்கள், இடுப்பை வட்டமிடுங்கள், தோளை மேலே தூக்கிச் சட்டென்று விடுங்கள், கழுத்தை மெல்லப் பக்கவாட்டில் சாய்த்துக்கொள்ளுங்கள். கால் வீங்கியிருந்தால் ஐந்து நிமிடம் மல்லாந்து படுத்துக் கால்களைச் சுவரில் சாய்த்து வையுங்கள்.

பிறகு மடித்த போர்வையின் மேல் சம்மணம் போட்டு, முதுகைச் சுவரோடு சேர்த்து உட்காருங்கள். முட்டி வலி இருப்பவருக்கு நாற்காலி. பாதம் இரண்டும் தரையில் பதிந்திருக்கட்டும். ஹாஸ்டல் அறையில் நாலைந்து பேர் இருந்தால் மொட்டை மாடியைத் தேடுங்கள். இல்லையென்றால் அறைத்தோழர்களிடம் இருபது நிமிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கேட்டால் கொடுப்பார்கள்.

மூச்சு

திருமந்திரம் சொல்லும் கணக்கு: 16 மாத்திரை (எண்ணும் கால அளவு) உள்ளே இழுத்து, 64 மாத்திரை நிறுத்தி, 32 மாத்திரை வெளியே விடுவது. குருவின் எதிரில் பல காலம் பழகியவருக்கான அளவு அது. புதியவர் மூச்சை நிறுத்தவே வேண்டாம். வலது நாசியை மூடி, இடதில் நான்கு எண்ணும் வரை இழுத்து, வலதில் ஆறு எண்ணும் வரை விடுங்கள். அடுத்து வலதில் இழுத்து இடதில் விடுங்கள். இது ஒரு சுற்று. ஐந்து சுற்று போதும். பெயின்ட் ஷாப், வெல்டிங் பக்கம் வேலை செய்து மூக்கடைப்பு இருந்தால் விரலை எடுத்துவிட்டு இயல்பாக மூச்சு விட்டபடி கவனியுங்கள்.

கர்ப்பிணிகள், ரத்த அழுத்தம், இதயக் கோளாறு, வலிப்பு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்ட பிறகே தொடங்க வேண்டும். வேகமாக மூச்சைத் தள்ளும் கபாலபாதி அவர்களுக்கு ஆகாது.

ஆதாரங்களில் கவனம்

முதல் வாரம் மூலாதாரம் மட்டும். உட்கார்ந்த இடம் தரையைத் தொடும் உணர்வில் மனத்தை வையுங்கள். உடம்பின் பாரம் முழுவதையும் அங்கே விடுங்கள். ஒவ்வொரு வெளிமூச்சுக்கும் மனத்துக்குள் ஒரு முறை லம் சொல்லுங்கள். தாமரையை வலிந்து கற்பனை செய்ய வேண்டாம். மனம் டார்கெட்டுக்கும் ஓ.டி. கணக்குக்கும் ஓடும். கவனித்ததும் திரும்பிவாருங்கள்.

இரண்டாம் வாரம் சுவாதிட்டானத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு ஒன்றாகச் சேர்த்தால் ஆறாம் வாரம் ஆக்கினை வரும். ஒவ்வொரு இடத்திலும் ஐந்தாறு மூச்சு தங்கினால் போதும். புருவ மத்தியில் அதைவிடக் குறைவாக. உச்சந்தலையை ஆசிரியர் இல்லாமல் தொடாதீர்கள்.

மேலே எங்கே நின்றாலும் வந்த வழியே இறங்குங்கள். ஆக்கினை, விசுத்தி, அநாகதம், மணிபூரகம், சுவாதிட்டானம், மூலாதாரம். ஏறியதைவிட மெதுவாக இறங்குங்கள். கடைசி மூன்று நிமிடம் முழுக்க மூலாதாரத்தில். பிறகு கையைத் தேய்த்து முகத்தில் ஒற்றி, பாதத்தைத் தரையில் ஊன்றி, கண் திறந்து தண்ணீர் குடியுங்கள். உடனே பைக்கை எடுக்க வேண்டாம். பத்து நிமிடம் போகட்டும். நேரமில்லாத நாளில் ஏற்றத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள், இறக்கத்தைக் குறைக்காதீர்கள்.

என்ன வரும், எப்போது நிறுத்துவது

உடம்பு சூடாகும், லேசாக அசையும், காரணம் தெரியாமல் கண்ணீர் வரும். கால் மரத்துப்போவது நரம்பு அழுந்துவதால், குண்டலினி எழுவதால் அல்ல. எதையும் கொண்டாட வேண்டாம், பயப்படவும் வேண்டாம்.

இரண்டு இரவு தொடர்ந்து தூக்கம் வராமல் போனாலோ, தலையில் அழுத்தம் இறங்காவிட்டாலோ, காதில் குரல் கேட்டாலோ, தனக்கு ஏதோ பெரிய சக்தி வந்துவிட்டதாகத் தோன்றினாலோ, அன்றே நிறுத்துங்கள். வயிறாரச் சாப்பிடுங்கள், செருப்பில்லாமல் மண்ணில் நடங்கள், யாராவது ஒருவருடன் இருங்கள். மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற மத்திய அரசின் டெலி மானஸ் எண்ணில் கட்டணமில்லாமல் மனநல ஆலோசனை கிடைக்கும். ஏற்கெனவே மனநல மருந்து சாப்பிடுகிறவர்கள் எந்த யோகத்துக்காகவும் மாத்திரையை நிறுத்தக் கூடாது.

ஆசிரியர்

ஆறு வாரம் கடந்ததும் ஆசிரியரிடம் நேரில் போங்கள். பக்கத்தில் மனவளக்கலை மன்றம் இருந்தால் அங்கே விசாரிக்கலாம். யாரிடம் போனாலும் மூன்றைப் பாருங்கள்: கட்டணத்தை முதலிலேயே சொல்கிறாரா, தொடுவதற்கு முன் கேட்கிறாரா, இறக்கும் பயிற்சியைச் சொல்லித்தருகிறாரா. பெண்கள் தோழியைக் கூட்டிக்கொண்டு போகட்டும். தோழி கூடாது என்று சொல்லும் இடத்துக்கு மறுபடி போக வேண்டாம். ரகசியமாக வை, வீட்டில் சொல்லாதே என்று சொல்கிறவரையும் விட்டுவிடுங்கள். திருக்கோஷ்டியூர் கோபுரத்தில் ஏறி மந்திரத்தை ஊருக்கே சொன்னதாகப் போற்றப்படும் ராமானுஜர் பிறந்த ஊர் ஸ்ரீபெரும்புதூர். நல்லதைக் கற்றுத்தருகிறவருக்கு மறைக்க ஒன்றும் இருக்காது.

ஷிஃப்ட் மாறும் வாரத்தில் புதிய ஆதாரம் எதையும் சேர்க்காதீர்கள். அந்த வாரம் மூலாதாரம் மட்டும் செய்து, தூக்கம் பழைய நிலைக்கு வந்த பிறகு விட்ட இடத்திலிருந்து தொடருங்கள்.