வாரத்தொடர் பழகிய கண்ணுக்கு

பதிப்பகம் எதுவும் கைவைக்காமல், எழுதியவரே நேராக அமேசானில் ஏற்றிவிடும் ஆங்கில ஃபேன்டஸி, அறிவியல் புனைகதை நாவல்களைத்தான் சில வருடங்களாக அதிகம் படிக்கிறேன். "எடிட்டிங்கே இல்லாத குப்பையாச்சே அதெல்லாம்" என்பார்கள் நண்பர்கள். குப்பை நிறைய உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இவற்றை ரசிக்க ஒரு பழக்கம் வேண்டும். கல்கி, சாண்டில்யன், சுஜாதா என்று வாராவாரம் பத்திரிகையில் தொடர்கதை படித்து வளர்ந்தவர்களிடம் அந்தப் பழக்கம் ஏற்கெனவே இருக்கிறது என்பது என் கட்சி.

ஏனென்றால் இந்த வகையில் பேர் வாங்கிய பல நாவல்கள் முழு நாவலாகப் பிறந்தவையே இல்லை. ஆண்டி வியர் 'தி மார்ஷியன்' கதையைத் தன் இணையதளத்தில் அத்தியாயம் அத்தியாயமாக இலவசமாகப் போட்டுவந்தார். வேதியியல் தெரிந்த வாசகர்கள் தப்பு கண்டுபிடித்து எழுத, அவர் திருத்தினார். கிண்டிலில் படிக்க வசதியாகக் கொடுங்களேன் என்று கேட்டவர்களுக்காக 2011-ல் அமேசானில் ஏற்றி, அங்கே வைக்க முடிந்த மிகக் குறைந்த விலையான 99 சென்டை வைத்தார். 2014-ல் கிரவுன் பதிப்பகம் அச்சில் கொண்டுவந்தது. 2015-ல் ரிட்லி ஸ்காட்டின் படம் வந்தது. படம் பார்த்துவிட்டு நாவலுக்குப் போகிறவர்கள் அதன் நடையைக் கவனிக்க வேண்டும். செவ்வாயில் தனியாக மாட்டிக்கொண்டவனின் ஒவ்வொரு குறிப்பிலும் ஒரு சிக்கல் தீரும், தீர்ந்த கையோடு அடுத்தது முளைக்கும். உருளைக்கிழங்கு விளையத் தண்ணீர் வேண்டும், தண்ணீருக்கு ஹைட்ரஜன் வேண்டும், ஹைட்ரஜன் வெடிக்கும். எங்கே 'தொடரும்' போடுவது என்று தெரிந்த கை அது.

இதை ஒரே ராத்திரியில் விழுங்க முயன்றால் பாதியில் திகட்டிவிடும். தினம் கொஞ்சம் என்று வைத்துக்கொண்டால் இதே நாவல் வேறு மாதிரி தெரிகிறது. சுயபதிப்பு சாகச நாவல்கள் எல்லாவற்றையும் இப்போது இப்படித்தான் படிக்கிறேன்: இரவு இரண்டு மூன்று அத்தியாயம், அடுத்து என்ன ஆகும் என்ற அரிப்போடு விளக்கை அணைத்துவிடுவது. இதன் நடுவில் வேறொரு புத்தகமும் ஓடலாம். வாரத்தொடர் காலத்தில் ஒரே இதழில் மூன்று தொடர்களைக் குழப்பிக்கொள்ளாமல் படித்தவர்கள்தானே நாம்.

ஹ்யூ ஹவி எழுதிய 'வூல்' இன்னொரு வகைத் தொடர். 2011-ல் ஒரு நீள்சிறுகதையாகத்தான் அதைப் போட்டார். பூமிக்கடியில் ஒரு பிரம்மாண்டக் குழி, மாடி மாடியாக மனிதர்கள், வெளியே போக வேண்டும் என்று வாய்விட்டுச் சொன்னாலே மரண தண்டனை; ஊரின் காவல் அதிகாரியே ஒருநாள் அதைச் சொல்கிறார். வாசகர்கள் மேலே என்ன என்று கேட்கக் கேட்க, இன்னும் நாலு பாகம் எழுதினார். அச்சு உரிமையை சைமன் அண்ட் ஷுஸ்டர் நிறுவனத்துக்குக் கொடுத்தபோதும் மின்னூல் உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். 2023-லிருந்து ஆப்பிள் டிவியில் 'சைலோ' என்ற பெயரில் வருவது இதுதான். புதிதாக இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு நான் கைகாட்டுவது 'வூல்' முதல் பாகத்தை மட்டும். ஒரே உட்காரலில் முடியும். அந்த முடிவு உங்களை உலுக்கவில்லை என்றால் மிச்சத்தை விட்டுவிடலாம், ஒன்றும் நஷ்டமில்லை.

சரி, லட்சக்கணக்கில் கிடப்பதில் எதை எடுப்பது? மார்க் லாரன்ஸ் என்ற ஃபேன்டஸி எழுத்தாளர் 2015-ல் ஒரு போட்டியைத் தொடங்கினார். சுயபதிப்பு ஃபேன்டஸி நாவல்கள் 300, வலைப்பதிவு விமர்சகர்கள் பத்து தரப்பு, தரப்புக்கு 30 நாவல். ஒவ்வொரு தரப்பும் ஒன்றைத் தேர்ந்தெடுக்க, அந்தப் பத்தையும் எல்லோரும் படித்து மதிப்பெண் போடுகிறார்கள். நுழைவுக் கட்டணமும் இல்லை, பரிசுப் பணமும் இல்லை. அறிவியல் புனைகதைக்கு இதே மாதிரி ஒன்றை 2021-ல் ஹவி ஆரம்பித்துவைத்தார். நான் வென்ற நூலோடு நிற்பதில்லை, இறுதிச் சுற்றுப் பட்டியலை முழுதாகப் பார்க்கிறேன். பத்துப் பேர் கூடிப் போடும் மதிப்பெண்ணில் யாருக்கும் உறுத்தாத புத்தகம் மேலே வந்துவிடுவது உண்டு. எனக்குப் பிடித்த கிறுக்குகள் ஆறாவது ஏழாவது இடத்தில் இருக்கும். வென்றவற்றில் என் சிபாரிசு, ஜே. ஸாக்கரி பைக்கின் 'ஆர்கனாமிக்ஸ்'. அரக்கர்களைக் கொன்று புதையல் எடுக்கும் வீரர்களின் பயணத்தை முதலீட்டாளர்கள் பங்கு போட்டு வாங்கி விற்கும் ஓர் உலகம். சிரித்துக்கொண்டே படிக்கலாம், நடுவில் பங்குச் சந்தையின் சூதும் புரிந்துவிடும்.

அடுத்தது மாதிரிப் பக்கங்கள். கிண்டிலில் நாவலின் முதல் பத்து சதவீதம் அளவுக்கு இலவசமாகக் கிடைக்கிறது. முதல் பக்கத்தை நான் நம்புவதே இல்லை. எல்லோரும் அதைத் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கி வைத்திருப்பார்கள். மாதிரியின் கடைசிப் பகுதிக்குப் போய், இரண்டு பேர் பேசிக்கொள்ளும் இடத்தைப் படிக்கிறேன். ஆளுக்கு ஆள் பேச்சு மாறினால் வாங்குகிறேன். எல்லோரும் ஒரே குரலில் உலக வரலாற்றை ஒப்பித்தால் மூடிவிடுகிறேன். எழுத்துப்பிழை ஒன்றிரண்டு இருந்தால் பொருட்படுத்துவதில்லை.

பருமனைப் பற்றியும் சொல்ல வேண்டும். கிண்டில் அன்லிமிடெட் சந்தாவில் 2015 ஜூலையிலிருந்து, வாசகர் எத்தனை பக்கம் படிக்கிறாரோ அதற்கேற்பத்தான் எழுதியவருக்குப் பணம். அதற்கு முன்னால் பத்து சதவீதம் படித்தாலே முழுத் தொகை. குட்டிக் குட்டிப் பாகங்களின் மவுசு குறைந்து தலையணை நாவல்கள் பெருத்ததில் இந்தக் கணக்குக்கும் பங்கு உண்டு என்பது என் சந்தேகம். ஆகவே மூன்று பக்கப் பயிற்சிக் காட்சியை ஒரு பக்கமாக்கித் தாண்டிப் படிப்பதில் எனக்குக் கூச்சமே கிடையாது. குறிப்பாக 'லிட்ஆர்பிஜி' என்கிற வகையில், கதாநாயகனின் வலிமை, வேகம், மாயசக்தி எல்லாம் வீடியோ கேம் மாதிரி அட்டவணை அட்டவணையாக வரும். அட்டவணையைக் கண்ணால் தடவிவிட்டுக் கதைக்குப் போய்விடுங்கள்.

அந்த வகையில் மாட் டின்னிமனின் 'டஞ்சன் கிராலர் கார்ல்' மட்டும் தனி ஜாதி. அதுவும் இணையத்தில் தொடராக வந்து 2020-ல் சுயபதிப்பானதுதான். குளிர் ராத்திரியில், பிரிந்துபோன காதலியின் பூனையைப் பிடிக்க அரைக்கால் உள்ளாடையோடு தெருவுக்கு வருகிறான் கார்ல். அந்த நிமிடம் பூமியிலுள்ள கட்டடங்கள் எல்லாம் தரைமட்டமாகின்றன. மிஞ்சியவர்கள் பதினெட்டு நிலைப் பாதாளத்தில் இறங்கி உயிர்பிழைக்க வேண்டும். அண்டமே அதை டிவி நிகழ்ச்சியாகப் பார்க்கிறது. பூனைக்குப் பேச்சு வருகிறது, கூடவே தலைக்கனமும். ரத்தமும் கெட்ட வார்த்தையும் தாராளம், வீட்டுச் சிறுவர்களிடம் கொடுக்க வேண்டாம். எந்தப் பதிப்பாசிரியர் மேசையிலும் இந்தக் கதைச்சுருக்கம் முதல் நாளே தேறியிருக்குமா என்று எனக்குச் சந்தேகம். இதைத்தான் நான் இந்த நாவல்களில் தேடிப் போகிறேன். ஹார்ட்கவர் பதிப்பைப் பெரிய பதிப்பகம் கொண்டுவந்தது 2024-ல், வாசகர் கூட்டம் சேர்ந்த பிறகு.

தொடர் நாவல்களில் முடிந்ததை எடுப்பது உத்தமம். வில் வைட்டின் 'க்ரேடில்' 2016-ல் தொடங்கி 2023-ல் பன்னிரண்டாம் புத்தகத்தோடு முடிந்துவிட்டது. முதல் புத்தகம் சுமார் ரகம்தான். சூடு பிடிப்பது அதற்குப் பிறகு.

ஒற்றை நாவல் போதும் என்பவர்களுக்கு எம். எல். வாங் எழுதிய 'த ஸ்வோர்ட் ஆஃப் கைகென்' (2019). இளமையில் வாளெடுத்துத் திரிந்துவிட்டு, இப்போது மலைக்கிராமத்தில் மாமியார் வீட்டுக்குள் ஒடுங்கிப்போன நடுவயதுத் தாய்தான் நாயகி. அந்த வயதுக்காரிக்குச் சாகச நாவலில் இந்த இடம் கிடைப்பது அபூர்வம். பெரிய போர் முடிவில் வராமல் நடுவிலேயே வந்துவிடும். அதற்குப் பிந்தைய துக்கத்துக்கும் கணவன் மனைவி கணக்குத் தீர்ப்புக்கும் மிச்சப் பக்கங்கள். முதல் பாதி மெதுவாக நகரும், அந்நிய வார்த்தைகள் பயமுறுத்தும். சொற்பட்டியலைத் தேடி ஓடாமல் படித்துக்கொண்டே போனால் பொருள் தானாகப் பிடிபடும். கடைசியில் மட்டும் திடீரென்று வேறொரு தொடருக்கு வழி திறப்பது போல் சில காட்சிகள் வரும். ஆசிரியரே பின்னால் அந்தத் தொடரைக் கைவிட்டுவிட்டார், அதனால் அங்கே எழும் கேள்விகளுக்கு விடை தேடி மெனக்கெட வேண்டாம்.