பலகாரத்தைக் கேளுங்கள், கடை தானாகத் தெரியும்

மருந்துக் கம்பெனிப் பிரதிநிதியாகத் தென்மாவட்டங்களில் அலைகிற எனக்குப் பாதி நாள் சாப்பாடு வெளியூரில்தான். அந்த அலைச்சலில் தெரிந்துகொண்டது இது: எல்லாமும் எப்போதும் நன்றாக இருக்கிற கடை அபூர்வம். ஒவ்வொரு கடைக்கும் ஒரு கைப்பக்குவம், அதற்கென ஒரு நேரம்.

"இங்க நல்ல ஹோட்டல் எதுண்ணே?" என்று கேட்டால், நம் பையையும் சட்டையையும் பார்த்துவிட்டு ஏசி போட்ட கடையைக் கை காட்டுவார்கள். விருதுநகரில் "எண்ணெய் பரோட்டா எங்கண்ணே நல்லாருக்கும்?" என்று கேட்டுப் பாருங்கள். பக்கத்தில் நிற்பவரும் பேச்சில் சேர்ந்துகொள்வார். இருவரும் ஒத்துப்போகிற கடைக்குத் தைரியமாகப் போகலாம். திண்டுக்கல்லில் சீரகச் சம்பா பிரியாணி, மதுரையில் கறிதோசை, செங்கோட்டைப் பக்கம் பிரானூரில் பார்டர் பரோட்டா என்று அந்தந்த ஊருக்கு உரியதைக் கேட்க வேண்டும்.

அடுத்தது நேரம். பிரியாணியை மதியம் தம் உடைக்கிற வேளையில் சாப்பிட வேண்டும். இரவு 9 மணிக்குக் கிடைப்பது பெரும்பாலும் மிச்சம். பரோட்டாவுக்குச் சாயங்காலம்தான் கல் சூடேறும். நெல்லை இருட்டுக்கடை அல்வாவுக்கும் மாலையில்தான் வரிசை நிற்கும். காலைப் பலகாரத்துக்கு மார்க்கெட் பக்கம் போவேன். மதுரை மாட்டுத்தாவணியில் விடியுமுன் மூட்டை இறக்குகிறவர்கள் தினமும் சாப்பிடுகிற கடை வயிற்றைக் கெடுக்காது. கெடுத்தால் அவர்களுக்கு அன்றைய கூலி போய்விடும்.

உட்கார்ந்த பிறகும் சில சோதனைகள் உண்டு. மதியம் மூன்று மணிக்குச் சப்ளையர் இருபது அயிட்டத்தை மூச்சுவிடாமல் ஒப்பித்தால் பாதி ஃபிரிட்ஜிலிருந்து வரும். "தலைக்கறி தீந்துபோச்சு சார், சுக்கா மட்டும் இருக்கு" என்று சொல்கிற கடையில் அந்தச் சுக்காவை நம்பலாம். சைவக் கடையில் முதலில் ரசத்தைக் குடித்துப் பார்ப்பேன். சாம்பாரின் குறையைப் பருப்பு மறைக்கும். திரும்பத் திரும்பக் கொதித்த ரசம் கசந்து காட்டிக்கொடுத்துவிடும். புரட்டாசியிலும் வெள்ளிக்கிழமைகளிலும் பலர் கறியைத் தொடுவதில்லை. அந்த நாட்களில் சின்னக் கடைகளில் கறி தேங்கும் என்பதால் நானும் சைவம்தான்.

புதுக் கடையில் எடுத்ததும் ஃபுல் மீல்ஸுக்கு டோக்கன் வாங்காதீர்கள். இரண்டு இட்லியோ ஒரு பரோட்டாவோ சொல்லுங்கள். நன்றாக இருந்தால் மேற்கொண்டு கேட்கலாம். இல்லையென்றால், அடுத்த கடைக்கு வயிற்றில் இடம் இருக்கும்.